லூர்துமேரி வெட்டிய எழுத்துகள்

திண்டிவனத்தில் யார் கண்ணை மூடினாலும் சொந்தக்காரர்களுக்கு அடுத்தபடியாகச் சேதி தெரிவது லூர்துமேரிக்குத்தான். மேம்பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் பிளக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. மிஷினிலிருந்து இறங்கும் பேனரை அளவுக்கு நறுக்கி, ஓரத்தை மடித்து ஒட்டி, கயிறு கோக்க மூலைக்கு மூலை ரிங் அடித்துக் கொடுக்க வேண்டும். காதணி விழா, மஞ்சள் நீராட்டு விழா, திறப்பு விழா, கண்ணீர் அஞ்சலி என்று ஊரார் வீட்டு நல்லது கெட்டது எல்லாம் அவள் காலடியில்தான் விரிந்து கிடக்கும். உயிரோடு இருந்தபோது ஒரு வாய் கஞ்சி ஊற்றாத பிள்ளைகள், செத்த பிறகு அப்பனைப் பத்தடி உயரத்துக்கு நிற்க வைப்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனிதர்கள் மேல் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்துதான் போயிருந்தது.

அவளைப் பற்றிச் சொல்ல வேறு பெரிய கதை ஒன்றும் இல்லை. அப்பா முத்துசாமி அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் பருவத்தில் இவளும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுக் கூடப் போவாள். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டதும் படிப்புக்கு முழுக்குப் போட்டு, தேவாவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். தேவா லாரி ஓட்டுகிறவன். நாசிக், பூனா என்று போய்விட்டு வந்து படுத்தால் எழுந்திருக்க மாட்டான், எழுந்தால் வீட்டில் இருக்க மாட்டான். கெட்டவன் இல்லை. வீட்டில் இல்லாதவன், அவ்வளவுதான்.

அவர்களுக்கு ஒரே பெண், ரோஜா. ஏழு வயது. காது நன்றாகக் கேட்கும். சொன்னது புரியும். வாய்தான் திறக்கவில்லை. "ம்" என்று ஒரு சத்தம், "ஆ" என்று ஒரு சத்தம், அதற்கு மேல் போனால் "ப்பா." தேவா வீடியோ காலில் வரும்போது அந்த "ப்பா" வரும். சுமந்து பெற்று, குளிப்பாட்டி, காய்ச்சலில் மடியில் போட்டுக் கிடந்தவள் ஒருத்தி. பிள்ளை வாயில் வந்த ஒரே வார்த்தை போனில் தலை காட்டுகிறவனுக்கு. இதை நினைத்து லூர்துமேரி சிரித்ததும் உண்டு, வயிறு எரிந்ததும் உண்டு.

வைத்தியத்துக்கு மட்டும் பஞ்சமே இல்லை. பேச்சு வராத பிள்ளை வீட்டில் இருந்தால் ஊரில் எல்லோருக்கும் பேச்சு வந்துவிடும். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவு என்றார்கள், தடவினாள். வேளாங்கண்ணிக்கு மொட்டை நேர்ந்துகொள் என்றார்கள், நேர்ந்து முடித்தாள். கழுத்தில் சிலுவை போட்டவள் பௌர்ணமிக்குத் திருவக்கரை காளியிடமும் போய்க் கூட்டத்தில் இடிபட்டு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தாள். பெரியாஸ்பத்திரி டாக்டர், பேச்சு வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார். சாமிகள் அந்த அளவுக்குக்கூட வாயைத் திறக்கவில்லை.

எழுத்து வந்தது குளிக்கிற இடத்திலிருந்து. கடையில் தப்பாக அச்சான பேனர்களை முதலாளி தூக்கிப் போடுவார். அதைக் கொண்டுவந்து நான்கு கழியில் சுற்றிக் கட்டி குளிக்க மறைப்பு செய்திருந்தாள் லூர்துமேரி. எவரோ ஒரு பெரியவர் மாலையோடு அந்த மறைப்பில் கைகூப்பி நிற்பார். அவர் முதுகுக்குப் பின்னால்தான் வீட்டார் குளிப்பார்கள். ரோஜா அந்தப் பேனருக்கு முன்னால் நின்று எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் லூர்துமேரி வாசலில் உட்கார்ந்து வேறொரு துண்டு பிளக்ஸை மடித்துக்கொண்டிருந்தபோது, ரோஜா மறைப்பில் இருந்த "க"வின் மேல் ஒரு விரலை வைத்தாள். அப்புறம் ஓடி வந்து அம்மா மடியில் இருந்த துண்டில் "க"வைத் தேடி அதன் மேலும் விரலை வைத்தாள். வைத்துவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து லூர்துமேரி கடையில் கழிவு எதையும் விடுவதில்லை. கத்தரியால் ஒவ்வோர் எழுத்தாக வெட்டி ஒரு பழைய பிஸ்கட் டின்னில் சேர்த்தாள். "க"வும் "ண்"ணும் "ணீ"யும் மலிவாகக் கிடைத்தன, ஊரில் அத்தனை பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். "டை"க்குத்தான் நாயாக அலைந்தாள். கடைசியில் ஒரு கோயில் திருப்பணி பேனரில் "நன்கொடை" என்று தப்பான கலரில் அச்சாகி வந்தது. அதை முதலாளி திட்டிக்கொண்டே கிழித்தபோது இவளுக்கு முகமெல்லாம் பல். அந்த "டை" வந்தால்தான் மல்லாட்டை முழுசாகும்.

ரோஜாவுக்கு மல்லாட்டை என்றால் உயிர். வறுத்ததும் வேண்டாம், வெல்லம் போட்டதும் வேண்டாம், உப்புப் போட்டு வேக வைத்தது வேண்டும். லூர்துமேரி பாயில் எழுத்துகளைப் பரப்பி, கிண்ணத்தை எட்டாத இடத்தில் வைத்துக்கொண்டு உட்காருவாள். ம, ல், லா, ட், டை. முதலில் அவளே வைத்துக் காட்டுவாள், பிறகு கலைப்பாள். பிள்ளை ஒன்று சரியாக வைத்தால் ஒரு பருப்பு வாயில். ரோஜா தப்பாக வைப்பாள், எழுத்தைக் கடிப்பாள், கோபம் வந்தால் டின்னையே கவிழ்ப்பாள். லூர்துமேரியும் அன்னை தெரசா இல்லை. கடையில் நின்று நின்று காலெல்லாம் கடுக்கும் நாட்களில் பிள்ளை முதுகில் ஒன்று வைத்திருக்கிறாள். வைத்துவிட்டு அவளே அழுதிருக்கிறாள். இப்படியே ஒரு மல்லாட்டைப் பருவம் போய் அடுத்தது வந்தது. அதற்குள் ரோஜாவுக்குத் தண்ணி, சோறு, பால், வெளியே, அம்மா எல்லாம் வைக்கத் தெரிந்துவிட்டது.

ஒரு நாள் கடையில் பிளேடு நழுவி லூர்துமேரியின் உள்ளங்கை கிழிந்தது. தையல் போட்டுக் கட்டோடு வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ரோஜா கிட்டே வந்து கட்டை முகர்ந்து பார்த்தாள். போய் டின்னை எடுத்து வந்தாள். கிளறிக் கிளறித் தேடி ஒரு "வ"வை வைத்தாள். பக்கத்தில் ஒரு "லி"யை வைத்தாள். அது "அஞ்சலி"யிலிருந்து வெட்டியது, ஓரத்தில் கறுப்பு பார்டர்கூட இருந்தது. வலி. அந்த வார்த்தையை லூர்துமேரி சொல்லிக் கொடுத்ததே இல்லை. மறைப்பில் எங்கும் அந்த வார்த்தை இல்லை. பிள்ளை மனசுக்குள்ளேயே கூட்டி, வெளியே எடுத்து வைத்திருந்தாள். லூர்துமேரி கட்டுப் போட்ட கையோடு அவளை இழுத்து அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பெற்ற வலியைவிட அது பெரியதாக இருந்தது.

என் மகளுக்குள்ளே வார்த்தை இருக்கிறது என்று லூர்துமேரிக்குத் தெரிந்துவிட்டது. இனி அது இன்னொருவருக்குத் தெரிய வேண்டும். ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம்; தன்னைத் தவிர இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளாவது பார்த்து, ஆமாம், இந்தப் பிள்ளைக்குத் தெரிகிறது என்று சொன்னால் போதும். அவ்வளவுதான் அவள் ஆசை. அது அவ்வளவு லேசான ஆசையாக இல்லை.

பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளிடம் சொன்னாள். வெள்ளையம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "நீயே கையப் புடிச்சி வச்சிட்டு, புள்ள வச்சுதுன்னு சொல்லிக்கினு திரியிற. பெத்தவளுக்கு அப்டித்தான் தோணும், வுடு" என்றாள்.

டின்னைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கே ரோஜாவின் இடம் கடைசி வரிசை, சுவர் ஓரம். புனிதா டீச்சர் பொல்லாதவர் இல்லை. மற்ற பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்து, செல்போனைத் தூக்கிப் பிடித்து, "எங்க பாப்பா, வை பாக்கலாம்" என்றார். அத்தனை கண்ணும் தன் மேல் விழுந்ததும் ரோஜா மிரண்டு டின்னைத் தட்டிவிட்டாள். எழுத்தெல்லாம் வகுப்பு முழுக்கச் சிதறின. பிள்ளைகள் மிதித்துக்கொண்டு ஓடின. லூர்துமேரி குனிந்து பெஞ்சுக்கு அடியில் பொறுக்கினாள்.

"எனக்கும் ஆசதாம்மா" என்றார் புனிதா டீச்சர். "ஆனா வீட்ல பண்ணுச்சின்னு நீங்க சொல்றத வச்சி நான் இன்னா பண்றது சொல்லுங்க?"

தேவாவிடம் போனில் சொன்னாள். "சரி சரி, நல்லதுதான்" என்றான். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். வைத்துவிட்டான்.

இந்த நேரத்தில்தான் ஆரோக்கியராஜ் வந்து சேர்ந்தார். தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், மாதா கோயில் பாட்டுக் குழுவில் முன்னால் நிற்பவர். எந்த மனுவுக்கு எந்த நகல், எந்தச் சான்றுக்கு எந்த ஜன்னல் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஏழை எளியதுகளிடம் காசுகூட வாங்க மாட்டார். அவர் சொல்லி இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேருக்குக் காரியம் கைகூடியிருக்கிறது. அதனால்தான் அவர் சொன்னால் யாரும் மறு பேச்சு பேசுவதில்லை.

"விழுப்புரத்துல பெரிய கேம்ப் போடறாங்க மேரி" என்றார். "ரோஜாவ இட்டுக்கினு போ. டாக்டருங்க பாத்து ஊனம் எவ்ளோன்னு பர்சன்டேஜ் போடுவாங்க. கார்டு வந்துடும். கார்டு வந்தா மாசா மாசம் உதவித்தொக. நீ பாண்டிச்சேரில பேச்சுப் பயிற்சிக்குப் போவணும்னு சொல்லிக்கினு இருந்தியே, அதுக்கும் ஆச்சி, பஸ்ஸுக்கும் ஆச்சி."

பாண்டிச்சேரி அவளுடைய நெடுநாள் கனவு. கடை வேலையில் வருவது அரிசிக்கும் வாடகைக்குமே இழுபறியாக இருந்தது.

"போறேண்ணே" என்றாள். "நம்ம ரோஜா எழுத்தெல்லாம் வைக்கும்ணே இப்ப. டின்ன எடுத்துக்கினு போயி காட்டட்டா?"

ஆரோக்கியராஜ் பதறிப்போனார். "ஐயையோ! காது குடுத்துக் கேளு. அங்க போயி எம்புள்ள அத வைக்கும் இத வைக்கும்னு பெரும பேசிக்கினு நிக்காத. பர்சன்டேஜ கொறச்சிப் போட்டுட்டாங்கன்னா ஒண்ணும் வராது. அப்புறம் ஆயுசு பூரா பேஜாருதான்."

"பொய் சொல்லணுமாண்ணே?"

"பொய் யாரு சொல்லச் சொன்னா? தெரிஞ்சத சொல்லாம இருன்றேன். கவர்மென்ட்டுகிட்ட நம்ம கஷ்டத்தக் காட்டணும். கெட்டிக்காரத்தனத்தக் காட்டக் கூடாது."

இது ஆரோக்கியராஜ் கண்டுபிடித்த ஞானம் இல்லை. இந்தப் பக்கத்து ஜனங்கள் அனுபவித்துக் கற்றது. வெள்ளம் வந்து போன வருஷம் நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க ஆள் வருகிறார் என்றதும் தெருவே சுறுசுறுப்பானது. நனையாமல் தப்பித்த மெத்தையைத் தூக்கி வாசல் சேற்றில் போட்டார்கள். டி.வி.யைப் போர்வை சுற்றி ஒளித்தார்கள். லூர்துமேரிகூடப் பரணில் நனையாமல் இருந்த அரிசி மூட்டையை வெள்ளையம்மாள் வீட்டுக்குப் பின்னால் நகர்த்தினாள். உள்ளதைச் சொன்னவன் வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை என்பதையும் எல்லோரும் பார்த்தார்கள். அதிகாரி முன்னால் ஒன்றும் இல்லாதவனாக நிற்க வேண்டும் என்பது இங்கே தாய்ப்பாலோடு வருகிற பழக்கம். அரிசி மூட்டையை ஒளித்தது மாதிரி இதையும் ஒளித்துவிடலாம் என்று லூர்துமேரி நினைத்தாள். ஒரே ஒரு நாள்தானே.

ஆனால் ரோஜா அரிசி மூட்டை இல்லை. எழுத்தைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. எங்கே பார்த்தாலும் பாய்ந்து எடுத்து அடுக்க ஆரம்பித்துவிடுவாள். அதனால் பழக்க வேண்டியிருந்தது. எப்படிப் பழக்குவது என்று லூர்துமேரிக்குத் தெரிந்தது ஒரே வழிதான். அதே பாய், அதே டின், அதே கிண்ணம். எழுத்துகளைப் பரப்பினாள். ரோஜா சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

"கை!" என்றாள் லூர்துமேரி. பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துத் தொடைக்கு அடியில் வைத்தாள். "இப்டியே வச்சிக்கினு உக்காரணும். எடுக்கக் கூடாது. எடுக்காம இருந்தா மல்லாட்ட."

ரோஜா புரியாமல் பார்த்தாள். மறுபடி கையை எடுத்தாள். லூர்துமேரி மறுபடி அடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்ததும், கை அடியில் இருந்ததால், வாயைத் திறக்கச் சொல்லிப் பருப்பை வாயிலேயே போட்டாள். மல்லாட்டை என்று ஐந்து எழுத்து வைக்க ஒரு பருவம் ஆன பிள்ளை இதை இரண்டு மூன்று சாயங்காலத்தில் பிடித்துக்கொண்டாள். எழுத்தைப் பரப்பினால் உடனே கை தொடைக்கு அடியில் போகும். அடுத்த நொடி வாய் திறக்கும். லூர்துமேரி, நல்லதுக்குத்தானே என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

கேம்ப் நாளன்று விடிந்ததும் விழுப்புரம் பஸ் பிடித்தார்கள். எழுத்து டின்னை எடுக்கவில்லை. பையில் கட்டுச்சோறும், ஆதார் நகலும், ஒரு பொட்டலம் அவித்த மல்லாட்டையும் இருந்தன. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது ரோஜா எதிரே இருந்த போர்டைப் பார்த்து விரலைத் தூக்கினாள். "கை" என்றாள் லூர்துமேரி மெதுவாக. விரல் கீழே போயிற்று.

ஒரு பள்ளிக்கூட வளாகத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் பிள்ளைகளைத் தோளில் சுமந்த அம்மாக்கள். முகையூர், வானூர், செஞ்சி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். மேசை மேசையாக நகர வேண்டும். காதுக்கு ஒரு மேசை, நரம்புக்கு ஒரு மேசை. பெரிய மேசையில் ஒரு அம்மாள் படங்களையும் அட்டைகளையும் பரப்பி, "இதுல பூன எது பாப்பா? காட்டு" என்று கேட்டார். ரோஜாவின் கை தொடைக்கு அடியில் போயிற்று. அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே போனார். ரோஜா ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு தடவை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சரியாகச் செய்கிறேனா என்று கேட்கிற பார்வை. லூர்துமேரி தலையை ஆட்டினாள். அந்த அம்மாள் உச்சுக் கொட்டிவிட்டு எதையோ எழுதினார். லூர்துமேரிக்கு அப்பாடா என்றும் இருந்தது, தூ என்றும் இருந்தது. நம் பிள்ளையை நாமே மக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டோம் என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது.

கடைசியாகப் பந்தல் மூலையில் ஒரு சின்ன மேசை. அங்கே சித்ரா என்று பேர் அட்டை குத்திய ஒரு இளம்பெண் இருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் அம்மாக்களிடம் பேசினார்கள்; இவள் மட்டும் நாற்காலியை விட்டு இறங்கி, ரோஜாவுக்கு முன்னால் மண்டி போட்டு, ரோஜாவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "ரோஜாவா? எவ்ளோ அழகான பேரு! காலையில இருந்து உன்ன ரொம்ப அலைய வச்சிட்டாங்களா?" என்றாள். ரோஜா "ம்" என்றாள். அன்று அவள் போட்ட முதல் சத்தம் அது.

சித்ரா ஒரு பெட்டியைத் திறந்து பிளாஸ்டிக் எழுத்துகளை மேசையில் கொட்டினாள். சிவப்பு, பச்சை, மஞ்சள். ஓரம் கிழியாத, யார் சாவுக்கும் அச்சடிக்காத, புத்தம் புதிய எழுத்துகள். ரோஜாவின் கண் நேராக "ம"வுக்குப் போனதை லூர்துமேரி பார்த்தாள். தொடைக்கு அடியில் பிள்ளையின் விரல்கள் துடிப்பது பாவாடைக்கு மேலேயே தெரிந்தது.

"எழுத்து ஏதாவது தெரியுமாம்மா பாப்பாவுக்கு?" என்று கேட்டாள் சித்ரா. "ஒண்ணு ரெண்டு தெரிஞ்சாகூடப் போதும்."

இத்தனை நாளாக லூர்துமேரி காத்திருந்த ஆள் இதோ எதிரில் மண்டி போட்டிருந்தாள். கேட்க வேண்டிய கேள்வியையும் கேட்டுவிட்டாள். ஆனால் அவள் கையில் இருந்தது அதே பைல். பெரிய மேசை அம்மாள் எழுதிய தாள் அதற்குள்தான் இருந்தது. இங்கே ஒன்று சொல்லி அங்கே ஒன்று என்றால் எல்லாம் கெட்டுப்போகும். அன்பாகப் பேசித்தான் வாயைப் பிடுங்குவார்கள் என்று ஆரோக்கியராஜ் சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஒண்ணும் தெரியாதுங்க மேடம்" என்றாள்.

"நல்லா யோசிச்சி சொல்லுங்க. வீட்ல ஏதாவது..."

"ஒண்ணுமே தெரியாதுங்க. சும்மா உக்காந்துக்கினு இருக்கும்."

ரோஜா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை லூர்துமேரி சாகும்வரை மறக்கப் போவதில்லை. சித்ரா பெருமூச்சு விட்டு, ரோஜாவின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்து, அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.

வெளியே புங்கமரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்து ரோஜாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. "தண்ணி. தண்ணி." உயிரில்லாத, தட்டையான குரல். திரும்பினால் ஒரு பையன் மடியில் சிலேட்டு அளவில் ஒரு கருவி வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் தட்டிய எழுத்தை அது வாய்விட்டுச் சொன்னது. அவன் அம்மா அம்சவள்ளி, முகையூர் பக்கம். சிரிப்பும் அழுகையுமாக இருந்தாள்.

"அந்த மூல மேச மேடம் குடுத்தாங்கக்கா" என்றாள். "அது கவர்மென்ட்டு இல்லியாம், எதோ டிரஸ்ட்டாம். எழுத்து தெரிஞ்ச புள்ளைங்களுக்குத்தான் தர்றாங்களாம். வீட்டுக்கே வந்து சொல்லியும் குடுப்பாங்களாம். எம்புள்ளைக்கு இன்னா தெரியும்? தண்ணி, அம்மா, அவ்ளோதான். அதுக்கே குடுத்துட்டாங்க."

லூர்துமேரி கழுவாத கையோடு ரோஜாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பந்தல் மூலையில் சித்ரா பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மேடம், தெரியும்ங்க மேடம். எம்புள்ளைக்கு எழுத்து தெரியும்ங்க. நெறையத் தெரியும்."

சித்ரா நிமிர்ந்தாள். "இப்பதானே ஒண்ணுமே தெரியாதுன்னீங்க?"

"பொய் சொல்லிட்டேங்க. கார்டுக்கோசரம் பொய் சொல்லிட்டேங்க. நீங்க வேணா எழுத்தப் போடுங்க, வச்சிக் காட்டும். மல்லாட்டன்னு வைக்கும். அதுவா யோசிச்சி வலின்னு வைக்கும்ங்க."

சித்ரா சலித்துக்கொள்ளவில்லை. கட்டிய பெட்டியை மறுபடி திறந்து எழுத்துகளைப் பரப்பினாள். லூர்துமேரி ரோஜாவை நாற்காலியில் உட்கார வைத்தாள். எழுத்தைக் கண்ட உடனே ரோஜாவின் இரண்டு கைகளும் தொடைக்கு அடியில் போயின.

"வை கண்ணு. மல்லாட்ட வை. அம்மா சொல்றேன்ல, வை."

ரோஜா கையை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டாள்.

"இப்ப எடுக்கலாம்டி தங்கம். இப்ப கை எடுக்கலாம். ஜல்தி வைடி!"

லூர்துமேரி பொறுக்க முடியாமல் பிள்ளையின் வலது கையை வெளியே இழுத்து, "ம"வின் மேல் கொண்டுபோய் வைத்தாள். கை அங்கே செத்த கையாகக் கிடந்தது.

"கையப் புடிக்காதீங்கம்மா" என்றாள் சித்ரா மெதுவாக.

லூர்துமேரி விட்டாள். கை திரும்பத் தொடைக்கு அடியில் போயிற்று. ரோஜா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். கடினமான பாடம் ஒன்றைத் தப்பில்லாமல் முடித்துவிட்ட பெருமை அவள் முகத்தில் இருந்தது. இத்தனை பேர் இத்தனை தடவை கேட்டும் கையை எடுக்கவே இல்லையே. மல்லாட்டைக்காக வாயை அகலமாகத் திறந்தாள்.

லூர்துமேரியின் பையில் மல்லாட்டை இருந்தது. எடுக்கக் கை வரவில்லை.

"பரவால்லம்மா, அழாதீங்க" என்றாள் சித்ரா. "எல்லா அம்மாவுக்கும் இந்த ஆச இருக்கும். அம்மாங்களுக்கு அப்டித் தோணும். அடுத்த கேம்ப்ல பாக்கலாம்." அவள் நல்லவள். நல்லவர்கள் சொன்னாலும் அது வெள்ளையம்மாள் சொன்ன அதே வார்த்தைதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ரோஜா அம்மா தோளில் தூங்கிவிட்டாள். லூர்துமேரி ஆரோக்கியராஜைச் சபித்தாள், கார்டைச் சபித்தாள், இல்லாதவனாக நின்றால்தான் எதுவும் கிடைக்கும் என்று ஊருக்குச் சொல்லிக் கொடுத்தவர்களைச் சபித்தாள். கடைசியில் எல்லாம் சுற்றி வந்து அவளிடமே நின்றது. உலகத்தில் ஒரே ஒரு ஆள் நம்பினால் போதும் என்று கிடந்தவள், அந்த ஆள் கேட்டபோது பிள்ளை முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லிவிட்டாள். வெள்ளையம்மாளும் டீச்சரும் நம்பாததாவது அவர்கள் பார்க்காததால். இவள் கண்ணால் பார்த்தும் இல்லை என்றாள்.

வீட்டில் ரோஜா எழுத்து வைப்பதை நிறுத்திவிடவில்லை. அதுதான் இன்னும் கொடுமை. டின்னை எடுப்பதற்கு முன்னால் இப்போது வாசல் வரை போய் எட்டிப் பார்க்கிறாள். வந்து கதவைச் சாத்துகிறாள். லூர்துமேரி எழுந்து தாழ்ப்பாள் போடும்வரை காத்திருக்கிறாள். பிறகு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முதுகால் மறைத்துக்கொண்டு வைக்கிறாள். பிறர் கண்ணில் படக் கூடாத அசிங்கம் ஏதோ செய்வதுபோல. முன்னைவிட வேகமாக வைக்கிறாள், புதிய புதிய வார்த்தைகள் வைக்கிறாள். பார்க்க அம்மாவைத் தவிர யாரும் இல்லை. போனில் படம் பிடிக்கலாம் என்று லூர்துமேரி கையில் எடுத்தாலும் எழுத்தெல்லாம் பாவாடைக்கு அடியில் போய்விடும்.

கார்டு வந்தபோது ஆரோக்கியராஜே நேரில் கொண்டுவந்தார். கையில் ஜிலேபிப் பொட்டலம். கதவைத் தட்டியதும் ரோஜா அவசர அவசரமாக எழுத்துகளை இழுத்துத் தனக்கு அடியில் தள்ளிவிட்டு, கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். லூர்துமேரி தாழ்ப்பாளை எடுத்தாள்.

"பாத்தியா, நான் சொன்னேன்ல!" என்று உள்ளே வந்தார் அவர். "நல்ல பர்சன்டேஜ். இனிமே உனக்கு ஒரு கவலையும் இல்ல." ஒரு துண்டு ஜிலேபியை எடுத்து ரோஜாவிடம் போனார். அவள் வாயைத் திறந்தாள். "எவ்ளோ சமத்தா உக்காந்துக்கினு இருக்குது பாரு. பாவம், ஒண்ணும் தெரியாத புள்ள."

"அதுக்கு எல்லாம் தெரியும்ணே" என்றாள் லூர்துமேரி.

ஆரோக்கியராஜ் சிரித்தார். "அத வெளிய யாருகிட்டயும் சொல்லிடாத."

கார்டை லூர்துமேரி கையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பி, கதவு சாத்தி, தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் ரோஜா கையை எடுத்தாள்.